இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு ஓர் ஓட்டை

என் மகனே,

தாளின் மேலே சிலுவைக் குறி போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் உனக்கு முன்னால் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும் என்று அப்போதே வேண்டிக்கொண்டும் விட்டேன். உன் கப்பல் அங்கே வந்து நிற்கும்போது ஏஜென்ட் ஆபீஸில் இது உனக்காகக் காத்திருக்க வேண்டும். நீ அங்கே இறங்கி வீட்டுக்கு விமானம் ஏறப்போகிறாயா, இல்லை இறங்கிய கையோடு அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போடப்போகிறாயா என்று எனக்குத் தெரியாது. போனில் நீ அதைத்தான் கேட்டாய். "உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. அதை எடுத்துப் போடத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு மெஷின் செய்யும் கதையும் வரும். இரண்டும் ஒரே விஷயம்தான், பொறுமையாகப் படி.

நீ போன் செய்த அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. மாடி வீட்டு மாமி படிக்கட்டில் நின்றுகொண்டு மந்தைவெளி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஓடி வாடிம்மா! உம் பிள்ளை லைன்ல இருக்கான், கப்பல்லேர்ந்து பேசறான்!" கையில் ஒட்டிய இட்லி மாவோடு ஓடினேன். மாமா மரியாதைக்காக டிவி சத்தத்தைக் குறைத்தார். அதனால் நான் பேசுவது எல்லோருக்கும் இன்னும் நன்றாகக் கேட்டது. மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நீ கேட்டாய்: "அம்மா, கான்ட்ராக்ட் முடியுது. வீட்டுக்கு வரட்டுமா, இல்ல அப்படியே அடுத்த கப்பல்ல ஏறிடட்டுமா? கேக்குறாங்க." அவ்வளவு பேர் முன்னால் "எனக்குத் தனியா இருக்க முடியலடா" என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிற அம்மா என்று பெயர் வாங்கவும் பயம். உன் இஷ்டம் என்றேன், சாப்பிட்டாயா என்றேன், லைன் போய்விட்டது. ரிசீவரை வைத்ததும் மாமிதான் கேட்டாள். "ஏண்டி, வாடான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? கொழந்தை எவ்ளோ ஆசையா கேக்கறான்!" சிரித்துக்கொண்டே படி இறங்கினேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் தொழிலில் டிரை சால்டர் என்று ஒன்று உண்டு. ஈயம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. கிண்டி தொழிற்பேட்டையில் டிவி போர்டுக்குச் சால்டரிங் செய்த காலத்தில், அப்படி ஒன்று என் கையிலிருந்து போனால் எனக்கு அன்று சோறு இறங்காது. நான் சொன்ன "உன் இஷ்டம்" அந்த வகை. நீயும் ஊர் ஊராகப் போய் போனில் பேசப்போகிறவன், நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் ஏதாவது கேட்டால் பளபளப்பாகப் பதில் சொல்லாதே. கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் உள்ளே ஒட்டுகிற பதிலாகச் சொல். அம்மாவுக்கு இது இந்த வயதில்தான் புரிகிறது.

சரி, மெஷினுக்கு வருகிறேன். அதற்கு ரொம்ப நாள் முன்னால் ஒரு போனில் நீ ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? டியூட்டி முடிந்தால் கேபினில் தனியாகக் கிடக்கிறேன், மெஸ் ஹாலில் இருக்கிற டிவியில் மற்றவர்கள் படம் பார்க்கிறார்கள், நம்ம டிவி கேம் மட்டும் இங்கே இருந்தால் பின்பக்க டெக்கில் உட்கார்ந்து ஆடுவேன் என்றாய். சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாய். என்னால் சும்மா விட முடியவில்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வீடியோ கேம் நானே செய்து, அடுத்த தடவை நீ புறப்படும்போது கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இது என் யோசனைகூட இல்லை, உன்னுடையது. அப்பா தவறிப்போன வருஷம் நீ எட்டாவது படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். பங்குச் சாமியார் வந்து பேசினார், உன் வகுப்பு டீச்சர் வந்து பேசினார், நீ யாரோடும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியாமல் பர்மா பஜாரில் அந்த டிவி கேமையும் ஒரே ஒரு கேசட்டையும் வாங்கி வந்தேன். காட்டுக்குள் இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடுகிற ஆட்டம். நீ ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு இன்னொன்றை என் மடியில் போட்டாய். "இது ரெண்டு பேர் ஆடுறதும்மா. நீயும் ஆடணும்." அந்த மாதத்தில் நீ பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அன்றிலிருந்து நீ நீலம், நான் சிவப்பு.

நான் எவ்வளவு மோசமாக ஆடினேன் என்பதை உன்னைத் தவிர யாரிடமும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குக் குதிக்கவே வராது. பாலத்தில் ஏறினால் தண்ணீரில் விழுவேன். நான் பின்தங்கிவிட்டால் படம் நகராது, நீயும் முன்னால் போக முடியாது. "அம்மா, வாம்மா! சீக்கிரம் வா!" என்று கத்துவாய். கத்தினாலும் நின்று காத்திருப்பாய். உன் உயிரெல்லாம் தீர்ந்துபோனால் என் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிற வசதி அதில் இருந்தது. கேட்காமலே எடுத்துக்கொள்வாய். அப்போது என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அம்மாவாக இருந்ததில் எனக்குப் பெருமையாக இருந்த நேரங்களை யாராவது கேட்டால் அதையும் சொல்வேன்.

ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் கரண்ட் போகும். அப்படி இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ பேட்டரியில் ஓடுகிற மெஷினுக்குத் திட்டம் போட்டாய். விசிறிக்கொண்டிருந்த அட்டையை என்னிடமிருந்து பிடுங்கி, இங்கே திரை, இங்கே கேசட், இங்கே பேட்டரி என்று விரலால் காட்டினாய். "பஸ்ஸுல ஆடலாம்மா, கடற்கரைல ஆடலாம், யாரும் நிறுத்த முடியாது." எதில் வைத்துச் செய்வது என்று கேட்டேன். "என் ஸ்கூல் பெட்டியில" என்றாய். ஆறாவது வரை நீ தூக்கிக்கொண்டு போன அலுமினியப் பெட்டி. அது இன்னும் பரணில்தான் இருந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, மேலே உன் பெயர் பாதி உரிந்திருக்கிறது, மற்றபடி நல்ல பெட்டி. இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன்.

இப்போது என் திட்டத்தைக் கேள், தப்பிருந்தால் சொல். நீதான் எலக்ட்ரிகல் படித்தவன். நான் வாழ்நாளெல்லாம் போர்டில் ஒரே மூலையைப் பற்றவைத்தவள். மற்ற மூலைகளில் என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரைக்கு ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி கிடைத்துவிட்டது. ஆதம்பாக்கத்தில் நான் இப்போது வேலை செய்கிற ஸ்டெபிலைசர் பட்டறையில் மூலையில் கிடந்தது, எடுத்துக்கொள் என்றார்கள். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், எமர்ஜென்சி லைட் பேட்டரி இரண்டைச் சேர்த்தால் கிடைக்கும். கேம் போர்டுக்கு ஒன்பது வோல்ட் போதும், மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றை நடுவில் வைத்துக் குறைத்துக்கொள்வேன். அது சூடாகும், அதனால் அதன் முதுகை அலுமினியத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போடுவேன். போர்டு அலுமினியத்தைத் தொட்டால் கதை முடிந்தது, அதற்கு அடியில் ரப்பர் ஷீட். விமான நிலையத்தில் உன்னைப் பிடித்து இது என்ன வெடிகுண்டா என்று கேட்பார்கள். திறந்து ஆடிக் காட்டு. வேண்டுமானால் அவர்களையும் ஒரு ஆட்டம் ஆடச் சொல்.

ஒரே ஒரு குறை. கறுப்பு வெள்ளையில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல் நிறம்தான். யார் நீ, யார் நான் என்று தெரியாது. அதனால் ஒன்றும் மோசமில்லை, தண்ணீரில் விழுகிறவள் நான்.

போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் பழைய செட் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அலமாரியைத் திறந்தேன். முதல் ஜாய்ஸ்டிக்கைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டின்னுக்குப் பின்னால்கூடத் தேடினேன். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை மட்டும் அதன் இடத்தில் சொருகிப் போட்டேன், முதலாவதன் இடத்தில் அதன் பின் சேராது. திரை வந்தது, பாட்டு வந்தது, ஸ்டார்ட்டை அழுத்து என்று எழுத்து மின்னியது. அப்போதுதான் கையைக் குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷம் நான் பிடித்திருந்த ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பொத்தானே இல்லை. ஆட்டத்தை எப்போதும் நீதான் தொடங்கினாய், அதனால் எனக்கு அது தெரிய வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அந்த மெஷின் தானாகவே ஆடிக் காட்டும். உன் நீலப் பையன் தனியாக ஓடுவான், தனியாகச் சுடுவான், ஒரே இடத்தில் வந்து செத்துப்போவான். பிறகு மறுபடி எழுத்து மின்னும், மறுபடி ஓடுவான். நான் அணைக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அடுத்த நாளும் போட்டேன். போர்டைக் கழற்றுகிற வரைக்கும், சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தால் விளக்கைப் போடுவேனோ இல்லையோ அதைப் போட்டுவிடுவேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒட்டுகிற பதிலாகச் சொல் என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் மறைக்கக் கூடாது. எனக்கு ரொம்பத் தனிமையாக இருக்கிறது. மீன்காரம்மா கூடையை இறக்கியதும், "ஒருத்திக்கு எவ்வளோ வேணும்மா?" என்று கேட்கிறாள். எவ்வளவு வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

சும்மா இருக்கிறவளா நான்? இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற போர்டில் ஸ்டார்ட்டுக்கு இடம் விட்டிருந்தார்கள், பொத்தான்தான் வைக்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டறையிலிருந்து ஒரு சின்னப் பொத்தானைக் கொண்டுவந்து, மேல்மூடியில் சூடான கம்பியால் துளை போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைத்தேன். கை நடுங்குகிற வயதிலும் அப்படி ஒரு சால்டரிங், கம்பெனி சூப்பர்வைசர் பார்த்திருந்தால் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். சொருகி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். எழுத்து அதுபாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். பேட்டரி வாங்கிய கடைக்காரரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "வேலை சூப்பரா கீதும்மா. ஆனா நீங்க இன்னா பண்ணாலும் ஆவாது. கேசட்டு அந்தப் பக்கம் ஸ்டார்ட்டு அமுத்துனாங்களான்னு கேக்கவே கேக்காது. மொத ஆளு அமுத்துனாத்தான் ஆட்டம்." புதிதாக முதல் ஜாய்ஸ்டிக் ஒன்று கிடைக்குமா என்றேன். நம் செட்டில் சொருகுகிற மாதிரிப் பின் வைத்தது இப்போது வருவதில்லை என்றார். வேறு செட்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அதில் மனம் போகவில்லை.

பிறகு பெட்டியின் அளவை வைத்து அவரிடம் இன்னொரு சந்தேகம் கேட்டேன். அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சிக்கல். டிவி இடப்பக்கம், போர்டு நடுவில், பேட்டரி வலப்பக்கம் என்று போட்டிருந்தேன். ஆனால் இரண்டாவது ஜாய்ஸ்டிக் சொருகுகிற இடமும் போர்டில் வலப்பக்கம்தான் இருக்கிறது. பேட்டரி உட்கார்ந்தால் அதை மறைத்துவிடும். போர்டைத் திருப்பி வைத்தால் கேசட் மூடியில் இடிக்கிறது. எப்படித் திருப்பினாலும் ஒன்று பேட்டரி, இல்லை இரண்டாவது ஜாய்ஸ்டிக். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "கப்பல்ல தம்பி தனியாத்தானே ஆடப்போறாரு? ரெண்டாவது எதுக்கும்மா? கட் பண்ணி வுட்டுடுங்க, பேட்டரி ஷோக்கா உள்ள ஒக்காந்துரும்." நியாயமான பேச்சு. நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போர்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். அந்த சாக்கெட்டை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஈயத்தின் மேல் அயர்னை வைக்கப் போனேன், கை போகவில்லை. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ என்னை விட்டுத் தூரத்தில் தனியாகச் சந்தோஷமாக இருக்க ஒரு மெஷினை, எனக்கு இடமே இல்லாமல், என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகளை வளர்ப்பதே அதற்குத்தான் என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைப்பார். வைக்கட்டும், அவருக்கென்ன. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைக்காரர்மேல் கோபம், உன் கப்பல் கம்பெனிமேல் கோபம், உன்மேலும்தான். அயர்னை அணைத்துவிட்டு அந்த சாக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று உன் பெட்டி ஞாபகம் வந்தது. பள்ளிப் பெட்டி இல்லை, கப்பலுக்கு எடுத்துப்போன பெரிய பெட்டி. முதல் ஜாய்ஸ்டிக் எங்கே என்று நடுவில் ஒரு போனில் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "துணியோட துணியா தெரியாம வந்துடுச்சும்மா. கேபின்ல கொக்கியில மாட்டி வெச்சிருக்கேன்." அடேய், அந்தப் பெட்டியை அடுக்கியது நான். பனியனிலிருந்து ஊறுகாய் பாட்டில் வரைக்கும் எது எந்த மூலையில் என்று இப்போதும் சொல்வேன். நான் அடுக்கிய பெட்டிக்குள் தெரியாமல் ஒன்றும் போகாது. நான் பூட்டின பிறகு நீ திறந்து வைத்திருக்கிறாய். மெஷின் இல்லை, டிவி இல்லை, கேசட் இல்லை, வெறும் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டி வைத்திருக்கிறவன் தனியாக ஆடுகிறவனா? உனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அம்மா பிள்ளைதானே.

அதனால் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டேன். ஒரு துணிப்பையில் போட்டு வயரோடு பக்கத்தில் தொங்கட்டும். அழகாக இருக்காது, தூக்கக் கொஞ்சம் சிரமம்தான், விமானத்தில் வேண்டாம் என்று சொன்னால் பையை மட்டும் விட்டுவிட்டுப் போகலாம். பெட்டியின் வலப்பக்கத்தில் ட்ரில் வைத்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கு ஓர் ஓட்டை போட்டுவிட்டேன். விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அரம் வைத்துத் தேய்த்து, ரப்பர் வளையமும் மாட்டியாயிற்று. உன்னுடையதற்கு இடப்பக்கம் ஒன்று. மீதி வேலை ஒன்றும் பெரிதில்லை, டிவியைப் பிடித்து நிற்க ஒரு பட்டை, மூடிக்கு ஒரு கீல்.

இப்போது என் வாயைப் பார்க்க யாரும் இல்லை, மாமா டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை, நான் என் வீட்டில் என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: வீட்டுக்கு வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அடுத்த கப்பல் எங்கேயும் போய்விடாது, பிறகு எத்தனை கப்பல் வேண்டுமானாலும் ஏறு, இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போ. ஆனால் முதலில் வா. வரும்போது கொக்கியில் மாட்டியிருப்பதை எடுத்துக்கொண்டு வா.

நேற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பேட்டரியில் போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் படம் தெளிவாக வந்தது, பாட்டு வந்தது, எழுத்து மின்னியது. நான் என் ஜாய்ஸ்டிக்கைப் புது ஓட்டை வழியாகச் சொருகி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் உன்னிடம் இருக்கிறது.

அம்மா